காஜாவில் மடிந்த குழாய்

மார்ச் 3

அக்கா,

நலமா என்று கேட்கப் போவதில்லை. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்து, அறைக்குத் திரும்பி மூன்று நாள் ஆகிறது. நீ வந்து வார்டு வாசலில் இரண்டு மணி நேரம் நின்றாய் என்று நர்ஸம்மா சொன்னார். உள்ளே விட வேண்டாம் என்று சொன்னது நான்தான். போனில் உன் நம்பரைத் தடுத்து வைத்திருப்பதும் நான்தான். உன்னோடு பேச ஆரம்பித்தால் என் வாக்கியத்தை நீ முடிப்பாய். தாளில் அப்படிக் குறுக்கே விழ முடியாது.

நடந்ததை என் தொழில் பாஷையிலேயே சொல்லிவிடுகிறேன். பயணிகளின் கனிவான கவனத்திற்கு. போன மாதம் 23, ஞாயிறு காலை பத்து மணி, உன் வீடு. என்னோடு வேலை பார்க்கிற, என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்ட டைம்கீப்பர் தன் அம்மாவோடு வருகிறார் என்று நீ தைத்து வைத்திருந்த நீல உடையை எனக்கு மாட்டிவிட்டாய். இடுப்பில் உள்பக்கமாக ஒரு பை. இன்சுலின் பம்ப் வெளியே தெரியக் கூடாது, புடைக்கக் கூடாது, சத்தம் போட்டாலும் யாருக்கும் கேட்கக் கூடாது என்று இரண்டு மடிப்பு ஸ்பான்ஜ் வைத்து அடித்திருந்தாய். பையிலிருந்து குழாய் வெளியே வர ஒரு காஜா. சட்டைப் பித்தானுக்குப் போடுவாயே, அதே அளவு. அந்தக் காஜாவில் குழாய் மடிந்தது. இன்சுலின் நின்றது. சாயங்காலம் ஆறரை மணிக்கு, பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு அறையில் ஏழாம் எண் பேருந்து புறப்படும் நேரத்தை மைக்கில் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்தேன். ஊர் பூராவும் ஒலிபெருக்கியில் அந்தச் சத்தத்தைக் கேட்டது.

உனக்கு இந்த மெஷினைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் இல்லை. 'அந்த டப்பா' என்பாய். அந்த டப்பா என்ன செய்கிறது என்று இப்போதாவது கேள். நாள் பூராவும் சொட்டுச் சொட்டாக இன்சுலின் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அது பேசல். சாப்பிடாமல் இருந்தாலும் உடம்புக்கு அது வேண்டும். சாப்பிடும்போது சாப்பாட்டின் அளவைப் பார்த்து நானே மொத்தமாக ஒன்று கொடுப்பேன். அது போலஸ். இரண்டும் போவது ஒரே குழாயில்தான். அதன் முனையில் தோலுக்குள் இருக்கும் மெல்லிய குழல் கான்யூலா. வேறு வழி கிடையாது. ஊசி போட்டுக்கொண்டிருந்த காலத்தில் மெதுவாக வேலை செய்கிற இன்சுலினும் உடம்பில் கிடக்கும். ஒரு வேளை தவறினாலும் ஓரளவு தாங்கும். பம்பில் அந்தச் சேமிப்பு இல்லை. குழாய் அடைத்தால் சில மணி நேரத்தில் ரத்தத்தில் கீட்டோன் என்கிற அமிலம் ஏறும். வாந்தி வரும். பிறகு மயக்கம். அதற்கும் பிறகு என்ன வரும் என்று நீயே யோசி.

அடைப்பு ஏற்பட்டால் பம்ப் மணி அடிக்கும். அடித்திருக்கிறது. உன் ஸ்பான்ஜுக்குள் எனக்கு அது கேட்கவே இல்லை.

இப்போது பம்ப் நர்ஸம்மாவின் அலமாரியில் இருக்கிறது. நான் மறுபடி ஊசிக்குப் போய்விட்டேன், ஒரு நாளைக்கு நான்கு. வீட்டு மனிதர் ஒருவர் என்னோடு வந்து இரண்டு மணி நேரம் பயிற்சியில் உட்கார்ந்து, கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொன்னால்தான் பம்ப் திரும்பக் கிடைக்கும். மார்ச் 28, வெள்ளி, காலை பத்து மணி. அந்த மனிதர் நீ இல்லை. டிக்கெட் கவுண்டரில் இருக்கும் என் தோழியைக் கூட்டிப் போகிறேன். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர் என்று என் கோப்பில் பதினாறு வருஷமாக இருக்கிற உன் பெயரை அன்றைக்கு அடித்துவிடுவார்கள்.

இதைச் சொல்லத்தான் எழுதினேன்.

உன் தங்கை


மார்ச் 8

நண்டு,

உன் கடிதம் வந்த அன்று கடையில் மூன்று பேர் அளவு கொடுக்கக் காத்திருந்தார்கள். படித்துவிட்டு ஒரு அம்மாளின் இடுப்பு அளவைத் தோளுக்கு எழுதிவிட்டேன். அவர் அந்தச் சட்டையைப் போட்டால் பறக்கலாம்.

எனக்கு ஒரு மண்ணும் தெரியாதா? எட்டு வயதில் உனக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்னபோது எனக்கு இருபத்திரண்டு. அப்பா, அம்மா இல்லை. டாக்டர் மூன்று நிமிஷம் பேசினார். அதில் ஒரு நிமிஷம் யாரிடமோ போனில். தலையணையில் ஊசி குத்திப் பழகினேன். பிறகு என் தொடையில். பிறகுதான் உன் கையைத் தொட்டேன். ஒவ்வொரு தடவையும் என்னை நீ கிள்ளுவாய், பதிலுக்குப் பதில். அதனால்தான் உனக்கு நண்டு என்று பெயர் வந்தது. பதினான்கு வருஷம், நாளைக்கு நான்கு. நீ பெரிய படிப்புக்காரி, பெருக்கிப் பார்த்துக்கொள்.

பம்ப் வைக்கப் போகிறேன் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? வைத்து முடித்து மூன்று மாதம் கழித்து வந்து, சட்டையைத் தூக்கி, "இது வந்துடுச்சுக்கா, இனிமே ஊசி கிடையாது" என்றாய். நான் சந்தோஷப்பட வேண்டும் என்று எதிர்பார்த்தாய். பட்டேன். அன்றைக்கு ஊசி டப்பாவை எடுத்து அலமாரி மேல் தட்டில் வைத்தேன். அதோடு என் வேலை முடிந்தது என்று எனக்குப் புரிந்தது. யாரும் சொல்லவில்லை, நானே புரிந்துகொண்டேன். பேசல் என்றால் என்ன, போலஸ் என்றால் என்ன என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டேனா? அக்கா மண்டையில் இதெல்லாம் ஏறாது என்று நீயே முடிவு கட்டிவிட்டாய். தையல் மெஷினை நாலாகக் கழற்றி மறுபடி பூட்டுகிறவளுக்கு உன் சோப்பு டப்பா அளவு மெஷின் புரியாதாம்.

பையை நான் தைத்தேன். சரி. நீ போட்டுப் பார்த்து, கண்ணாடி முன்னால் ஒரு சுற்றுச் சுற்றி, "சூப்பர்க்கா, ஒண்ணுமே தெரியல" என்றாயே, அந்த வாய் யாருடையது? காஜா சின்னது, குழாய் மடங்கும் என்று அப்போது சொல்ல உன் நாக்கு எங்கே போயிருந்தது? குழாய் தெரிந்தவள் நீ. துணி தெரிந்தவள் நான். தப்பு மட்டும் துணியுடையதா?

மறைத்தேன்தான். எதற்கு மறைத்தேன்? இந்தத் தெருவில் எத்தனை பேர் உன்னைப் பெண் கேட்டு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, விஷயம் தெரிந்ததும் எழுந்து போயிருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியாது. உன் காதில் விழாமல் நான் பார்த்துக்கொண்டேன்.

கோப்பில் பெயரை அடிக்கிறாயா? அடி. ஆனால் டிக்கெட் கவுண்டர் பெண்ணுக்கு உன் கையில் எந்த இடம் தழும்பேறி இருக்கிறது, எந்த இடத்தில் ஊசி ஏறாது என்று தெரியுமா? கேட்டுச் சொல்.

அக்கா


மார்ச் 11

அக்கா,

தழும்பு எங்கே என்று அவளுக்குத் தெரியாதுதான். அந்தத் தழும்புகள் எப்படி வந்தன என்று எனக்குத் தெரியும். ஒரே இடத்தில் குத்திக் குத்தி வந்தவை. கான்யூலாவை மூன்று நாளைக்கு ஒருமுறை இடம் மாற்ற வேண்டும் என்பது பம்பின் முதல் பாடம். ஊசிக்கும் அதே பாடம்தான்.

இன்னொரு வார்த்தையையும் கற்றுக்கொள். செயலில் உள்ள இன்சுலின். ஒரு தடவை கொடுத்தது உடம்பில் நான்கு மணி நேரம் வேலை செய்துகொண்டிருக்கும். சர்க்கரை இறங்கவில்லையே என்று அதற்குள் அடுத்ததைக் கொடுத்தால் இரண்டும் சேர்ந்து ஆளைக் கவிழ்க்கும். எவ்வளவு பாக்கி இருக்கிறது என்று பம்ப் கணக்கு வைத்துக்கொள்ளும். நீ வைத்துக்கொண்டதில்லை. "இன்னும் ரெண்டு யூனிட் போட்டாத்தான் சரியாகும்" என்று ஒரு காலையில் சேர்த்துப் போட்டு அனுப்பினாய். ஆறாம் வகுப்பில், பிரார்த்தனை வரிசையில், எல்லார் முன்னாலும் விழுந்தேன். அன்றைக்கும் நீ வந்து என் டீச்சரைத்தான் திட்டினாய்.

தெருவில் யார் யார் எழுந்து போனார்கள் என்று சொல்லிக்காட்டுகிறாய். அப்படியென்றால் இதையும் கேள். டைம்கீப்பருக்கு முதல் மாதமே தெரியும். அறிவிப்பு அறையில் நான் இன்சுலின் நிரப்பிக்கொண்டிருந்தபோது, மணி பார்க்க வந்தவர் பார்த்தார். "இது எத்தனை நாளைக்கு வரும்?" என்று கேட்டார். மூன்று நாள் என்றேன். தன் நோட்டில் குறித்துக்கொண்டார், அவருக்கு எல்லாமே அட்டவணைதான். அவர் அம்மாவுக்கும் சொல்லிவிட்டார். அந்த அம்மா அன்றைக்கு உன் வீட்டில் உட்கார்ந்திருந்தது எல்லாம் தெரிந்துதான். யாருக்கு எதிராக அந்த ஸ்பான்ஜ்? உன் சாப்பாட்டு மேஜையில் நான்கு பேர் இருந்தோம். நான்கு பேருக்கும் விஷயம் தெரியும், அவர்களுக்குத் தெரியும் என்பது உனக்கு மட்டும் தெரியாது.

சாப்பிடும் நேரம் பூராவும் நான் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தேன். சர்க்கரை ஏறினால் தாகம் எடுக்கும். இது பம்ப் பாடம்கூட இல்லை, நீ எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். ஆனால் நீ என் காதில், "போதும்டி, எத்தனை தடவை பாத்ரூம் போவே, என்ன நெனைப்பாங்க" என்றாய்.

அந்த அடைப்பு மணி தானாக ஓயாது, அக்கா. பம்பை வைத்திருப்பவர் பொத்தானை அழுத்தி, தெரிந்துகொண்டேன் என்று அதற்குச் சொன்னால்தான் ஓயும். சொல்லிவிட்டு அடைப்பை எடுக்காமல் விட்டால் கால் மணி கழித்து மறுபடி அடிக்கும். உன் ஸ்பான்ஜுக்குள் என் உயிருக்காக அது மத்தியானம் பூராவும் கத்திக்கொண்டு கிடந்தது. அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

28ஆம் தேதிக்குத் தோழி லீவு எழுதிக் கொடுத்துவிட்டாள்.

தங்கை


மார்ச் 16

நண்டு,

ஒரு தபால் வந்தது. உன் ஆஸ்பத்திரியிலிருந்து. என் பெயரை நீ இன்னும் அடிக்காததால், 'அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர்' விலாசத்துக்கு ஒரு பிரதி அனுப்பியிருக்கிறார்கள். பம்புக்குள் இருந்த பதிவு முழுவதும், நிமிஷ வாரியாக. நான்கு பக்கம்.

முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு உன் இரண்டு கடிதங்களையும் வெட்டும் மேஜையில் விரித்து வைத்துக்கொண்டேன். பதிவில் ஒரு வார்த்தை, உன் கடிதத்தில் அதற்கு விளக்கம் என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறாய். கோபத்தில் சொல்லிக்கொடுத்தால் நன்றாக ஏறுகிறது.

மணி 1.05, போலஸ் தொடக்கம். நீ பாத்ரூமுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தது. 1.07, அடைப்பு. அதே 1.07, தெரிந்துகொள்ளப்பட்டது. 1.22, அடைப்பு, தெரிந்துகொள்ளப்பட்டது. 1.37, அடைப்பு, தெரிந்துகொள்ளப்பட்டது.

யார் தெரிந்துகொண்டது, அம்மணி? டைம்கீப்பரா? அவர் அம்மாவா? நானா? அது தானாக ஓயாது என்று எழுதியது நீ. பொத்தானை அழுத்த வேண்டும் என்று எழுதியது நீ. என் ஸ்பான்ஜுக்கு விரல் கிடையாது.

எனக்கு நினைவு வருகிறது. சாப்பிடும்போது நீ இடுப்பில் கை விட்டாய். துணி உறுத்துகிறதோ, உள் தையலைப் பிரித்துச் சரிசெய்ய வேண்டும் என்று அப்போதுகூட நினைத்தேன். தொழில் புத்தி.

என்னிடம் என்ன எழுதினாய்? "எனக்கு அது கேட்கவே இல்லை." இருபது நாளாக என்னைக் கொலைகாரியாக்கி வைத்திருந்தாய். கடையில் ஊசி கோக்க வராமல், பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டுக் கோத்துக்கொண்டேன். வார்டு வாசலில் ஒரு ஆயா என்னைப் பார்த்து, "நீங்க நோயாளிக்கு யாரு?" என்று கேட்டாள். பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக அக்கா என்று சொல்லாமல், துணி வாங்க வந்தவள் என்றேன். அதையெல்லாம் நீ எனக்குச் செய்துவிட்டு, பொத்தானை அழுத்திய விரலாலேயே கடிதமும் எழுதியிருக்கிறாய்.

ஊருக்கே கேட்கிற மாதிரி அறிவிப்புக் கொடுக்கிறவள், உன் இடுப்பில் கத்தியதை மூன்று தடவை வாயைப் பொத்தினாய். ஏன்? அவர்களுக்கெல்லாம் தெரியும் என்றாயே, பிறகு யாருக்குப் பயந்து?

இதற்குப் பதில் எழுது. வேறு எதுவும் எழுதாதே.

அக்கா


மார்ச் 19

அக்கா,

உனக்குப் பயந்து.

மேஜையில் நீ எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாய். இடுப்பில் அதிர்ந்தது. சின்னதாகச் சத்தமும் கேட்டது. கேட்டது, அக்கா. கேட்கவில்லை என்று எழுதியது பொய். பொத்தான்கள் எனக்குத் தடவியே தெரியும். பம்பை எடுத்து மேஜை மேல் வைத்து, ஒரு நிமிஷம் என்று எழுந்து போயிருக்கலாம். அந்த அம்மா ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் நிமிர்ந்தபோது உன் முகம் தெரிந்தது.

உன் முகத்தைப் பற்றி உனக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் விரலில் குத்தி, மீட்டரில் எண் வருவதற்குள் நான் பார்ப்பது மீட்டரை இல்லை, உன்னை. எண் சரியாக இருந்தால் ஒரு முகம். இல்லாவிட்டால் ஒரு முகம். நீ திட்டினதே இல்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. வாயை இறுக்கிக்கொண்டு பாத்திரம் கழுவப் போய்விடுவாய். எட்டு வயதிலிருந்து அந்த முகத்துக்காகத்தான் எனக்குச் சர்க்கரை ஏறுகிறது, இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நோட்டில் பொய் எண் எழுதியிருக்கிறேன். பம்ப் வைத்ததை மூன்று மாதம் உன்னிடம் சொல்லாததும் இதனால்தான். மூன்று மாதமாவது எண் என்னுடையதாக மட்டும் இருக்கட்டும் என்று.

அன்றைக்கு நீ ரொம்ப சந்தோஷமாக இருந்தாய். உன்னை அப்படி நான் பார்த்ததில்லை. அதைக் கெடுக்க மனம் வரவில்லை. அவர்கள் கிளம்பட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று அழுத்தினேன். மூன்று தடவையும் அதையேதான் நினைத்தேன். பிறகு மொத்தமாக ஒலியையும் அணைத்தேன், அது பதிவின் அடுத்த பக்கத்தில் இருக்கும். பஸ்ஸில் ஏறியதும் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அதற்குள் எனக்கு உன் மேல் அப்படி ஒரு கோபம். இவளுக்காக இதைக்கூட மறைக்க வேண்டியிருக்கிறதே என்று. வயிறு குமட்டியது. பஸ் குலுக்கல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெரிந்தே சொல்லிக்கொண்டேன்.

விழித்து ஆஸ்பத்திரி விட்டத்தைப் பார்த்தபோது முதலில் நினைத்தது, அக்காவுக்குத் தெரிந்தால் முகம் எப்படி இருக்கும் என்றுதான். அதனால்தான் உன்னை உள்ளே விட வேண்டாம் என்றேன்.

உன்னைக் கொலைகாரியாக்கியது தப்பு. ஆனால் கோபம் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் அது நான்காவது பொத்தான்.

நண்டு


மார்ச் 22

நண்டு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டு, கடையை மூடிக்கொண்டு, ஆள் உயரக் கண்ணாடி முன்னால் போய் நின்றேன். வாடிக்கைக்காரர்கள் நிற்கிற இடத்தில். எண் சரியாக இல்லை என்று நினைத்துக்கொண்டு பார்த்தேன். வந்தது. எனக்கே பிடிக்கவில்லை.

அது கோபம் இல்லை, மடச்சி. பயம். எண் தப்பாக வந்த ஒவ்வொரு தடவையும் என் கையால்தான் உனக்கு என்னமோ ஆகப் போகிறது என்று தோன்றும். நீ பார்த்துவிடக் கூடாது என்று வாயை இறுக்குவேன். பாத்திரம் கழுவப் போவது அழ. ஒலி கேட்கக் கூடாது என்று ஸ்பான்ஜ் வைக்கும் பழக்கம் எனக்குப் புதிது இல்லை போலிருக்கிறது.

எனக்கும் கோபம் போகவில்லை. ஒரு கல்யாணப் பேச்சுக்கு உட்கார்ந்த இடத்தில், என் சந்தோஷம் கெட்டுவிடும் என்று நீ செத்துப் போகப் பார்த்தாய். அப்படிப்பட்ட சந்தோஷத்தை எந்தக் குப்பைத் தொட்டியில் போடுவது? இனி ஒரு தடவை எனக்காக எதையாவது பொறுத்துக்கொண்டாய் என்று தெரிந்தால், நானே வந்து உன்னைக் கிள்ளுவேன்.

ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். அந்த நீல உடை, ஆஸ்பத்திரியில் கத்தரித்து எடுத்ததை, வாசலில் நின்ற என்னிடம்தான் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். நேற்று அதை எடுத்தேன். மீன் தொட்டிக்குப் போடுகிற மெல்லிய குழாய் ஒரு முழம் வாங்கி, அந்தக் காஜா வழியாக விட்டேன். உன் பழைய ஊசி ஒன்றில் தண்ணீர் நிரப்பி ஒரு முனையில் தள்ளினேன். உடையைச் சும்மா விரித்து வைத்தபோது தண்ணீர் வந்தது. கத்தரித்த இடத்தைத் தைத்து, அதை ஆளுருவப் பொம்மைக்கு மாட்டி, கொக்கி போட்டு, நாற்காலியில் உட்கார வைக்கிற மாதிரி இடுப்பை மடக்கினேன். மறுமுனையில் கையை ஏந்திக்கொண்டு உட்கார்ந்தேன். தள்ளத் தள்ள ஒரு சொட்டு விழவில்லை. ரொம்ப நேரம் ஏந்திக்கொண்டிருந்தேன்.

நிற்கிறவளுக்கு அளவெடுத்தேன். நீ உட்காருவாய் என்று யோசிக்கவில்லை. இருபது வருஷத் தொழிலில் கத்துக்குட்டிகூடச் செய்யாத தப்பு. பொத்தான் உன்னுடையது. காஜா என்னுடையது. இதற்கு மேல் இதில் பேச ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை வருகிறேன். டிக்கெட் கவுண்டர் பெண்ணும் வரட்டும், இரண்டு பேர் கற்றுக்கொண்டால் உனக்குத்தான் நல்லது. பெயரை அடிப்பதா, வேண்டாமா என்பது என் பதில்களைக் கேட்ட பிறகு நீ முடிவு செய். என்ன கேட்பார்கள் என்று படித்து வைத்திருக்கிறேன். பேசல் எப்போதும் ஓடுவது. போலஸ் சாப்பாட்டுக்கு. பாக்கி எவ்வளவு வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பார்க்காமல் மேலே போடக் கூடாது. அடைப்பு மணி அடித்தால் முதலில் குழாய் மடிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பிறகு கான்யூலாவை மாற்ற வேண்டும். சர்க்கரை ஏறிக் கீட்டோனும் வந்திருந்தால் பம்பை நம்பாமல் கையால் ஊசி போட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். கையால் ஊசி போடுவது எனக்கு நன்றாக வரும்.

புதிதாக ஒரு பை தைத்திருக்கிறேன். ஸ்பான்ஜ் இல்லை. வெளிப்பக்கம் மாட்டுவது. சிவப்புத் துணி, கண்ணைப் பறிக்கிற சிவப்பு. காஜா கிடையாது, மேல் பக்கம் பூராவும் திறப்பு. பொம்மையை உட்கார வைத்து, குனிய வைத்து, படுக்க வைத்துப் பார்த்துவிட்டேன். தண்ணீர் விழுகிறது.

முகத்தை மாற்ற என்னால் முடியாது. இந்த வயதில் வேறு முகம் தைத்துக்கொள்ளத் துணி இல்லை. அதனால் பயிற்சி அறையில் உனக்கு எதிரே உட்கார மாட்டேன். பக்கத்தில் உட்காருகிறேன். நீ மெஷினைப் பார். நானும் அதையே பார்க்கிறேன்.

அக்கா